நாலுக்கு நாலு

பட்டப்பகலில் காஸ்பர் ட்ராக்ஸ்லரின் கூரை தீப்பிடித்தது. நகரத்துத் தண்ணீர் பம்பு உடனே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த வருடம் பம்புக்குத் தலைவரும் அவரேதான்.

பம்பு எளிமையான சாதனம். தொட்டிக்குள் இரண்டு உருளைகள், மேலே பிள்ளைகள் ஆடும் சீசாப் பலகை மாதிரி நீளமான கைப்பிடி. இந்த முனையை நாலு பேர் அமுக்கினால் அந்த முனை எழும்பும். அதை நாலு பேர் அமுக்கினால் இது எழும்பும். எட்டுப் பேர் அமுக்கினால் தண்ணீர் கூரையைத் தொடும். ஆறு பேர் என்றால் முதல் மாடி ஜன்னலோடு நின்றுவிடும்.

கத்தோலிக்கரும் லுத்தர் சபையாரும் போட்ட முப்பது வருடச் சண்டை ஓய்ந்தபின் எழுதிய ஒப்பந்தப்படி ஊரில் எல்லாமே சரிபாதி. மேயர் இரண்டு, மருத்துவச்சி இரண்டு, பம்பில் கத்தோலிக்கர் நாலு, லுத்தர் சபையார் நாலு.

அன்று கத்தோலிக்கப் பக்கம் மூன்றே பேர். மற்ற ஆண்களெல்லாம் மாதா கோயில் யாத்திரையில். காஸ்பர் தண்ணீர் பீய்ச்சும் குழாயின் பித்தளை முனையைப் பிடித்திருந்தார். தலைவர் அதை விடக்கூடாது.

எதிர்வீட்டு ரொட்டிக்காரர் எபர்ஹார்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தள்ளுங்கப்பா, நான் நிக்கறேன்."

"கையை எடும்யா!" என்றார் காஸ்பர். "அது கத்தோலிக்க இடம். இன்னிக்குக் கைப்பிடி கேப்பீங்க, நாளைக்குப் பீடம் கேப்பீங்க."

"ஓய், எரியறது உம்ம வீடு!"

"வீடு என்னுது. இடம் சபையோடது."

"சரி, அரைமணி நேரத்துக்கு நான் கத்தோலிக்கனா இருந்துட்டுப் போறேன்."

"சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம எப்படி? அவரும் யாத்திரை போயிட்டாரு."

காஸ்பரின் மனைவி அப்பொலோனியா கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். ஒப்பந்தத்தில் பெண்கள் இல்லை என்று அவளையும் விலக்கினார். மூன்றுக்கு நாலு என்றால் லுத்தர் பக்கம் பெரும்பான்மை ஆகிவிடுமே! அங்கிருந்தும் ஒருவரை இறக்கினார்.

மூன்றுக்கு மூன்று. தண்ணீர் ஜன்னல்வரை அழகாக ஏறி, வளைந்து, சுவரில் வழிந்தது. மேலே கூரை எரிந்தது. பரண் எரிந்தது. பிறகு தீ படுக்கையறைக்கு இறங்கி ஜன்னலுக்கு வந்தது.

"இப்ப அடிங்க!" என்று கத்தினார் காஸ்பர். கால்மணியில் தீ அணைந்தது.

"பாத்தியா? ஒரு இடம்கூட விட்டுக்கொடுக்கல" என்று மனைவியிடம் சொன்னார். "அடுப்படி முழுசா நிக்குது பார்."

"ராத்திரி எங்க படுக்கறதாம்?"

"எங்க வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு, வாங்க" என்றார் எபர்ஹார்ட்.

காஸ்பர் யோசித்தார். "உங்க வீட்ல எத்தனை பேர்?"

"அஞ்சு."

"நாங்க ரெண்டே பேர்" என்று தலையாட்டி மறுத்தார்.

அப்பொலோனியா ஈரத் தலையணையைத் தூக்கிக்கொண்டு பாதித் தெருவைக் கடந்திருந்தாள்.