செல்லக்காசுக்கு இடம் மாற்றினேன்

மூர் மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடித் தொட்டியை என் வீட்டுக்காரர் அம்பத்தூர் வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு நாளும் அவ்வளவு ஜாக்கிரதையாக அவர் கூட்டிவந்ததில்லை. பெயர் பரந்தாமன், பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மீனுக்கு ஆசைப்பட்டது அவர். தண்ணீர் மாற்றுவது, பாசி கழுவுவது, புழு தேடுவது எல்லாம் நான்.

இரண்டு தங்க மீன்களும் ஏரியில் பிடித்த ஆறு பொடி மீன்களும் முதலில் சமர்த்தாகத்தான் இருந்தன. பிறகு, பழவேற்காட்டுக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று ஒரு செல்லக்காசு மீனைக் கொண்டுவந்து விட்டார். மூன்று விரல் நீளம், மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. அழகோ அழகு. குணம்தான் சண்டப்பிரசண்டம். மூலையில் கிடந்த உடைந்த சட்டியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்ததையெல்லாம் விரட்டி விரட்டிக் கடித்தது. நாலே நாளில் தங்க மீன் ஒன்றின் வால் கந்தலாகிவிட்டது.

எனக்கு அதன்மேல்தான் உயிர். நான் கிட்டே போனால் கண்ணாடி ஓரம் வந்து முறைக்கும். அந்த வீட்டில் என் முகத்தை நேராகப் பார்த்தது அது ஒன்றுதான். வீட்டுக்காரர் எப்போதும் பேப்பருக்குப் பின்னால் இருப்பார்.

அவருடைய ஹெட் கிளார்க் திருவேங்கடம் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆபீஸ் முழுக்க இவர் அடித்த தம்பட்டம் அப்படி. கந்தல் வாலைக் காட்டினால் மானம் போய்விடுமே என்று குதித்தார்.

"ஞாயித்துக்கெயமை காலைலயும் இது இப்டியே ஆடிகினு இருந்தா பூனைக்குப் போட்ருவேன்," என்றார்.

சொன்னால் செய்கிறவர்தான். கையில் இருந்தது ஆறு நாள்.

பசியில்தான் கடிக்கிறது என்று நினைத்து, வயிறு முட்டப் புழு போட்டேன். தின்றுவிட்டு இன்னும் தெம்பாகக் கடித்தது. பக்கத்து வீட்டு முனியம்மா வந்து, மற்ற மீனெல்லாம் பாவம், இதைத் தன்னிடம் கொடுத்துவிடு என்றாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவள் வீட்டில்தான் அந்தப் பூனையே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் தண்டனை என்று சொல்லி அதை ஒரு பகல் முழுக்கச் சொம்பில் போட்டுவைத்தார். சாயங்காலம் தொட்டியில் விட்டதும் அது நேராகத் தன் சட்டிக்குப் போனது. அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த தங்க மீனை முட்டித் தள்ளியது.

அந்த முட்டலைப் பார்த்ததும் எனக்கு மண்ணூர்பேட்டையில் என் அப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. புது மாடு வாங்கினால் எங்கள் செவலை முட்டியே தீர்த்துவிடும். அப்போதெல்லாம் செவலையை மேய ஓட்டிவிட்டு, அதன் முளையைப் பிடுங்கி வேறு மூலையில் அடிப்போம். மற்ற மாடுகளையும் இடம் மாற்றிக் கட்டுவோம். அந்தியில் செவலையைக் கடைசியாக உள்ளே விட்டால், தன் இடம் எது என்று தெரியாமல் விழிக்கும். அதற்குப் பிறகு எதை முட்டுவது?

அடுத்த நாள் அவர் ரயில் ஏறியதும் செல்லக்காசை அண்டாவுக்கு மாற்றி, மேலே வேட்டித் துணி கட்டினேன். சட்டியை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். கல்லையெல்லாம் கலைத்து நடுவில் குவித்தேன். பாசியை எதிர்மூலையில் அடர்த்தியாக நட்டேன். மற்ற மீன்கள் மூன்று நாள் சுற்றிப் பார்த்து, ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டன. அவர் கேட்டபோது, இதுவும் தண்டனைதான் என்றேன். அண்டாவில் தினமும் தண்ணீர் மாற்றினேன். செத்துத் தொலைத்தால் பூனைக்கு வேலை மிச்சம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைத் தொட்டியில் விட்டேன். நேராக மூலைக்குப் போனது. சட்டி இல்லை. கல்லடிக்குப் போனது, அங்கே தங்க மீன் நகரவில்லை. தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பாசி ஓரமாகப் பெட்டிப்பாம்பாய் அடங்கி நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பத்து மணிக்குத் திருவேங்கடம் வந்தார். கந்தல் வாலை அவர் கவனிக்கவே இல்லை. அவர் கண் செல்லக்காசை விட்டு அகலவில்லை. இவ்வளவு அழகான, சாதுவான மீனைத் தான் பார்த்ததே இல்லை, தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக, சொம்பு கொண்டுவரும்படி என்னைக் கூப்பிட்டார்.

நான் சொம்பு இல்லாமல் வந்தேன். ஆண்கள் பேசும் கூடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை.

"அது எங்கியும் வராதுங்க, ஐயா. நேத்து வரிக்கும் அத்த பூனைக்குப் போடறதா இருந்தாங்க. அடக்கினது நானு. அது இங்கதான் இருக்கும்."

வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போனது. திருவேங்கடம் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்பிடிம்மா அடக்கினே? உக்காந்து சொல்லு," என்றார்.

உட்கார்ந்து சொன்னேன். செவலையில் தொடங்கி அண்டா வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். காபி ஆறிவிட்டது, சுடவைத்துக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர்.