கால் கழுவிய உள்ளான்

மாதுங்காவில் இருக்கும் அந்தப் பறவை நோக்கர் சபையில் உறுப்பினர் அட்டை வாங்க ஒரே நிபந்தனைதான். ஒரு பறவையைத் தானாகக் கண்டு பேர் சொல்ல வேண்டும். தலைவர் பத்ரிநாராயணன் தலையசைக்க வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அவர் தலை லேசில் அசையாது. மூன்று மாதமாக ஞாயிறுதோறும், இரவல் பைனாகுலரோடு, அட்டைக்காரர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள் இசக்கிசெல்வி. தாராவித் தோல்பட்டறை ஒன்றில் சாயம் ஏற்றுகிறவள்.

அன்று மான்குர்த் பக்கத்துச் சேற்றில் அவளுக்கு ஒன்று அகப்பட்டது. குருவியளவு, சாம்பல் முதுகு. தூரத்தில் கொசு உள்ளான் என்ற சேற்றுப்பறவைக் கூட்டம் தையல் மிஷின் ஊசி மாதிரிச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடியது. இது மட்டும் கசியும் தண்ணீர்க்குழாய் ஓரமாகத் தனியே, கால் மடக்கி, எலி போலப் பம்மிப் பம்மி மேய்ந்தது.

“சார், இது டெமிங்க் உள்ளான்.”

பத்ரிநாராயணன் முழ நீள லென்ஸைத் திருப்பினார்.

“கால் என்ன கலர்?”

“கருப்பு.”

“டெமிங்குக்கு மஞ்சக் கால். கொசு உள்ளானுக்குத்தான் கருப்பு. புஸ்தகம் வாசிச்சியோ இல்லையோ?”

“வாசிச்சேன் சார். ஆனா இது கூட்டத்தோட சேரலயே. நடையும் வேறல்லா?”

“கூட்டத்தோட மனஸ்தாபமா இருக்கும்.”

நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேரிடமும் அட்டை இருந்தது.

இசக்கிசெல்வி குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தாள். “சார், காலைல ட்ரெயின்ல வரும்போது உங்க ஷூ வெள்ளைதான?”

கணுக்கால் வரை கருஞ்சேறு அப்பியிருந்தது.

“அதுக்கென்ன இப்போ?”

“மேல்பூச்சா, ஊறின கலரான்னு தண்ணி காட்டித்தான் சார் எங்க பட்டறைல சொல்லுவோம். கொஞ்சம் பொறுங்க. அது குழாய்ப் பக்கம்தான் போவுது.”

பொறுத்தார்கள். வெயில் ஏறியது. உள்ளான்கள் புறப்பட்டு வரும் சைபீரியாவைப் பற்றிப் பத்ரிநாராயணன் விரிவாகப் பேசினார். அவர் புனேயைத் தாண்டி அதிகம் போனவரில்லை. பறவையோ அவசரமே இல்லாமல், ஒவ்வொரு புழுவாக இழுத்துத் தின்றபடி நகர்ந்து, கடைசியில் கசிவுநீர்க் குட்டையில் இறங்கியது. வயிறு நனைய நின்றது. உடம்பை உதறிக்கொண்டு மறுபக்கம் ஏறியது.

கால்கள் அரைப்பழமான எலுமிச்சை நிறத்தில் இருந்தன.

எல்லாரும் பார்த்து முடித்ததும், டிர்ர்ரென்று ஒரு குரல் கொடுத்து, நேர் மேலே எழும்பிப் பறந்துவிட்டது. வாலின் இரு ஓரமும் வெள்ளை.

பத்ரிநாராயணன் லென்ஸ் மூடியை வெகுநேரம் தேடினார். பிறகு, “கால் அலம்பறதுக்கு முன்னாடி நான் சொன்னது சரிதான்” என்றார்.

முழங்கால்மேல் அட்டையை வைத்து, அவள் பெயரையும் பறவையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

பட்டறைப் பழக்கம், இசக்கிசெல்வி எச்சில் தொட்ட விரலால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தாள். மங்கியது. பென்சில்.

“சார்,” அட்டையைத் திருப்பி நீட்டினாள். “பேனா.”