துரைக்குத் தலை சொறிய ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு கைகளையும் உடைத்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்ட முதல் கேள்வி, "துரைக்கு இனிமே யாரு தலை சொறிஞ்சு விடுவா?" என்பதுதான். துரை எங்கள் வீட்டுக் கிளி. கட்டின பெண்டாட்டி நான் பக்கத்திலேயே நிற்கிறேன், ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. என் கையில் அவருடைய செருப்பு இருந்தது. அடிபட்ட மனுஷனாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அவர் எலக்ட்ரீஷியன். நான் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். துரை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்துவிட்டதால், என்னை இன்றுவரை அவருடைய சின்ன வீடாகத்தான் நினைக்கிறது. அவர் கையை நீட்டினால் தலையைக் குனிந்து கொடுக்கும். நான் நீட்டினால் விரலில் சதையை எடுக்கும். நானும் அதைத் துரை என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது சனியன்.

அந்தச் சமயம் பார்த்துச் சனியன் பழைய இறகை உதிர்த்துக்கொண்டிருந்தது. புது இறகு நேராக இறகாக முளைப்பதில்லை. மெல்லிய உறைக்குள் சுருண்டு, முள் மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறது. உறை காய்ந்ததும் உதிர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அரித்துத் தள்ளும். உடம்பில் முளைத்ததை அதுவே அலகால் கோதிக்கொள்ளும். தலைக்கு அலகு எட்டாது. கூட்டத்தில் இருந்தால் ஜோடி கோதிவிடும். இங்கே ஜோடி என் புருஷன், அவருக்கோ முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

"முதல்ல வெதுவெதுன்னு தண்ணி தெளி" என்று சோபாவில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தினார். "வெள்ளையாக் காய்ஞ்சு இருக்கறத மட்டும் ரெண்டு விரலால மெதுவா உருட்டு. அடியில கறுப்பாத் தெரிஞ்சா தொடாத. அதுக்குள்ள ரத்தம் ஓடுது."

"பொடி ஊசியில நூல் கோக்கறவ நான். எனக்கு விரல் பிடிக்கச் சொல்லித் தர்றீங்களா?"

"அதுக்கு வலிக்கும், அதான் சொல்றேன்."

"என் விரல்ல ரத்தம் வருதே, இது வலிக்காதா?"

ஆனால் அரிப்புக்கு ரோஷம் கிடையாது. கடித்துக் கடித்து அலுத்துப்போய், ஒரு நாள் காலையில் தலையை என் பக்கம் குனிந்தது. ஒரு முள்ளை உருட்டினேன். உறை பொடுகாக உதிர்ந்து, உள்ளேயிருந்து பச்சையாக ஒரு குட்டி இறகு விரிந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் ஏதோ முனகியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையில் மெஷினைத் திறப்பதற்கு முன்னால் அதன் தலையைத்தான் பார்ப்பேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. கேட்டால், "இந்தச் சனியனோட ஒரே ரோதனை" என்பேன்.

அப்போதுதான் அந்த வினை நடந்தது. ஒரு வெள்ளைச் சட்டையைத் தைத்து முடித்து, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். காலரில் ஒன்று, கையில் ஒன்று என்று கத்தரிக்கோல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிசிறைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் சட்டையில் நூல் தொங்கினால்கூட இழுத்துவிடுவேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். துரை மேசைக்கு வந்து, சட்டையின்மேல் ஏறி, சோம்பல் முறிப்பதுபோல் றெக்கையை விரித்தது. ஓரத்தில் ஏதோ நீட்டிக்கொண்டு, நுனியில் நைந்து தெரிந்தது. வெட்டிவிட்டேன்.

சட்டையெல்லாம் ரத்தம். ஐயோ என்று கத்தினதுகூட எனக்குக் கேட்கவில்லை. துண்டில் சுற்றி எடுத்து, சோள மாவை அள்ளி வைத்து அழுத்திப் பிடித்தேன். அவர் ஓடி வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். பறவை டாக்டர், நான் வெட்டின புது இறகின் அடித்தண்டைப் பிடுங்கி ரத்தத்தை நிறுத்தினார். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "அக்காவ வரச் சொல்றேன். துரைய அவ கொண்டு போகட்டும்."

"எதுக்கு?"

"உனக்குத்தான் அவனைப் பிடிக்காதே."

"பிசிறுன்னு நெனச்சு வெட்டிட்டேங்க."

"கிளியில ஏது பிசிறு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறார். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லாததுதான் அவர் காட்டின மரியாதை. நானும் ஒரு தடவைக்குமேல் விளக்கம் சொல்கிறவள் இல்லை. போய்ச் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை.

துரை மறுநாளே என்னிடம் தலையைக் கொண்டுவந்தது. கிளிக்கு இருந்த பெருந்தன்மை மனுஷனுக்கு இல்லை. நான் முள் உருட்டும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் புதுக் கூண்டோடு வந்து இறங்கினாள். வரும்போதே, "பாவம், பார்க்கறதுக்கு ஆள் இல்லாம எப்படி இளைச்சுப் போயிருக்கு" என்றாள். துரை இளைக்கவில்லை, என் செலவில் கொழுத்துத்தான் போயிருந்தது. அவள் விரலை நீட்டினாள். வெட்கங்கெட்டது, அவளுக்கும் தலையைக் குனிந்தது. இவர் முகம் செத்துப்போயிற்று. நான் சிரித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அவள் நகம் போன இடத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"அண்ணி, அதை விடுங்க. காதுக்கிட்ட இருக்கறதெல்லாம் இன்னும் காயல, அடியில கறுப்பு தெரியுது பாருங்க. உச்சியில இருக்கறது நேத்துதான் காஞ்சுது, அதை உருட்டலாம். கண்ணுக்கு மேல கடைசியா போங்க, இல்லன்னா மூஞ்சியத் திருப்பிக்கும். முதல்ல இடது கன்னம். தண்ணி ஆறிப்போயிருந்தா துரைக்குப் பிடிக்காது."

துரை என்று சொல்லிவிட்டேன். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதோடு நான் நிறுத்தவில்லை.

"றெக்கையில ஒரு இடம் புண்ணா இருக்கு. அது நான் பண்ணினது. அங்க மட்டும் எதுவும் படாம பார்த்துக்கங்க."

"அக்கா, அவன் இங்கயே இருக்கட்டும்" என்றார் இவர்.

"அப்புறம் எதுக்குடா என்னைக் கூண்டு வாங்கிட்டு வரச் சொன்ன?" என்று நாத்தனார் எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடித்துவிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வேணும்னு வெட்டலன்னு தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

மாவுக்கட்டுக் கைகளை மடியில் மாற்றி மாற்றி வைத்தார்.

"அன்னைக்குத் தெரியுமா, இப்பதான் தெரியுமா?"

"இப்பதான்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். சொல்லத் தெரியாமல் உட்கார்ந்து அழுதார். அவருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில்லை, நான் துடைத்துவிட்டேன். என் கண்ணை நானே துடைத்துக்கொண்டேன்.