கண்ணாடி அலமாரிப் பிள்ளைகள்

என் முதலாளி ரமணனுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபத்தொரு பிள்ளைகள். சிங்கப்பூர் தேக்காவில், டன்லப் ஸ்ட்ரீட் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸில், கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாம் கோல்ஃப் பட்டர்கள். புல்தரையில் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டைக்குத்தான் அந்தப் பெயர். கண்ட கடையில் கிடைக்கிற மட்டை இல்லை. உலகத்துக்கே நூறு, இருநூறு என்று செய்து, நம்பர் போட்டு விற்பவை. ஒவ்வொன்றின் தலைக்கும் ஓர் உறை, அந்த உறைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. ரமணன் வாயில் அவை "பிள்ளைங்க"தான். "சுசீலா, போறப்ப ஏசிய ஆஃப் பண்ணிடாதீங்க லா, பிள்ளைங்களுக்குத் துரு பிடிச்சிடும்."

பதினாலு வருடமாக நான் அங்கே கிளார்க். ஆட்களின் சம்பளம், லீவு, பெர்மிட், டிக்கெட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பிள்ளைகளைத் துடைப்பதும் என் வேலை. அதற்கென்று வெள்ளைக் கையுறை வாங்கி வைத்திருக்கிறார். எங்களுடையது வீடு புதுப்பிக்கும் கம்பெனி. எங்கள் ஆட்கள் லாரியில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள், டார்ம் என்கிற தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேராகப் படுக்கிறார்கள். அங்கே மின்விசிறிதான். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். எரிந்தும் என்ன, மறுநாள் காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு துடைத்துக்கொண்டிருப்பேன்.

இருதயராஜ் எங்களிடம் டைல்ஸ் ஒட்டுகிறவர். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். வந்து ஒன்பது வருடமாகிறது. மகள் பிறந்தபோதும் இங்கேதான் இருந்தார், அவளுக்குக் காது குத்தியபோதும் இங்கேதான். மூன்று மாதத்துக்கு முன்னால் என் மேசைக்கு எதிரே வந்து நின்று, "அக்கா, பாப்பாவுக்கு புதுநன்மை வருது. ஒரு மூணு வாரம் லீவு எழுதித் தாங்கக்கா," என்றார். புதுநன்மை என்பது மாதா கோயிலில் பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூ, கையில் மெழுகுவர்த்தி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வரும். காரணம் என்ற இடத்தில் "மகள் இளமதியின் புதுநன்மை" என்று எழுதி ரமணன் மேசையில் வைத்தேன். கேட்கும்போதெல்லாம் "பாப்போம் லா" என்றார். ஃபார்மின் மேல் பட்டர் கேட்டலாக் ஏறியது, அதன் மேல் இன்னொரு கேட்டலாக்.

இந்த லட்சணத்தில் அமெரிக்காவிலிருந்து புது பட்டர் வருகிறது என்று ஈமெயில் வந்தது. உலகத்துக்கு எண்பத்தெட்டு, சிங்கப்பூருக்கு நாலு. பெயர் கொடுத்தால் குலுக்கிப் போடுவார்கள். ஆள் வைத்து வாங்கி விற்கிறவர்களை ஒழிக்க இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்கள். குலுக்கலில் வந்தவர் தானே கடைக்கு வந்து மூன்று பந்தில் ஒன்றையாவது குழிக்குள் போட வேண்டும். போட்டால், அவர் எழுதிக் கொடுக்கிற பெயரை அங்கேயே பட்டரின் தலையில் அடித்துக் கொடுப்பார்கள்.

"எல்லார் பேரையும் போடுங்க," என்றார் ரமணன். அவர் பெயர், என் பெயர், ஆட்கள் அத்தனை பேரின் பெயர். நான்தான் டைப் அடித்தேன். நடந்த எல்லாவற்றிலும் என் கையும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. குலுக்கலில் எங்கள் பக்கம் வந்தது இரண்டே பெயர். ஒன்று நான், இன்னொன்று இருதயராஜ். ரமணன் வரவில்லை. அன்று முழுக்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மறுநாள் இருதயராஜைக் கூப்பிட்டார். "ராஜ், நீ அந்தப் பந்தப் போட்டுக் குடு. மறுநாளே லீவுல கையெழுத்து. ஓகே?"

"நிச்சயமா பாஸ்?" என்றார் இருதயராஜ்.

"என் வாய் வார்த்தை லா!"

அதன் பிறகு பத்து நாள் கூத்துதான். வேலை முடிந்து சிமெண்டுக் கையோடு இருதயராஜ் ஆபீஸுக்கு வருவார். கார்ப்பெட்டில் ஒரு கிளாஸைப் படுக்க வைத்து அதற்குள் பந்தைத் தட்ட வேண்டும். அலமாரிப் பிள்ளைகளைத் தொட அனுமதி இல்லை. யாரோ தூக்கிப் போட்ட பழைய பட்டர் ஒன்றை ரமணன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "தோள அசைக்காத, மணிக்கட்ட மடக்காத" என்று பாடம் வேறு. எப்படி என்று காட்டுவதற்காக ரமணன் தட்டிய பந்து நாலு தடவையும் என் மேசைக்கால் பக்கம் போனது. இருதயராஜ் குனிந்து உள்ளங்கையைக் கார்ப்பெட்டில் வைத்துப் பார்த்தார். "பாஸ், இந்தத் தரைக்கு ஜன்னல் பக்கமா வாட்டம் இருக்கு. தண்ணி ஊத்தினா அங்கதான் ஓடும். பந்தும் அங்கதான் போகும்," என்று சொல்லிவிட்டு, கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளிக் குறி வைத்துத் தட்டினார். பந்து வளைந்து போய் உள்ளே விழுந்தது. குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. ரமணனுக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம், கடுப்பு ஒரு பக்கம். அறுபத்தொரு பட்டர் வைத்திருக்கிற மனிதர் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்ச்சர்ட் ரோட்டு மாலில் அந்தக் கடைக்குப் போனோம். இருதயராஜ் ஏழு மணிப் பூசைக்குப் போய்விட்டு, தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். புதுநன்மை அடுத்த ஞாயிறு. லீவு கிடைத்தால் புதன்கிழமை கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, மகளுக்கு வெள்ளை ஷூகூட வாங்கி வைத்திருந்தார். கடைக்குள் குலுக்கலில் வந்தவர்களை மட்டும்தான் விட்டார்கள். ரமணன் தன் கிரெடிட் கார்டை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் நான். மூன்று பந்தும் மூன்று திசைக்குப் போயின. வேண்டுமென்றே கோட்டைவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எனக்கு நிஜமாகவே வரவில்லை. வெளியே ரமணன் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து இருதயராஜ். பச்சை விரிப்பின் ஓரத்தில் குந்தி, தரையை ஒரு நிமிடம் பார்த்தார். முதல் பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே போனது. இரண்டாவது நேராக உள்ளே. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் போன் அடித்தது. வெளியிலிருந்து ரமணன்.

"சுசீலா! பாத்தீங்களா! அது கை இல்ல லா, தங்கம்! பேரு ரமணன்னு எழுதச் சொல்லுங்க. ஸ்பெல்லிங்கப் பக்கத்துல நின்னு பாத்துக்குங்க."

"சரி பாஸ். லீவு ஃபார்ம நாளைக்குக் காலையில எடுத்து வெக்கிறேன்."

"எந்த லீவு?"

"இருதயராஜ் லீவு, பாஸ். நீங்க சொன்னீங்களே."

"ஓ, அதுவா. இல்ல சுசீலா, அடுத்த சனிக்கிழமை ஜப்பான் பீஸ் ஒண்ணு லான்ச் ஆவுது. அதுக்கும் இதே மாதிரிதான் பந்து போடணும். எல்லார் பேரையும் நானே போட்டிருந்தேன், அதுலயும் அவன் பேரு வந்திருக்கு. இப்ப போய் அவன ஊருக்கு அனுப்ப முடியுமா? அடுத்த மாசம் பாப்போம் லா."

"புதுநன்மை அடுத்த ஞாயித்துக்கிழமை பாஸ். அடுத்த மாசம் போய் அவரு என்ன செய்வாரு?"

"வீடியோ கால்ல பாக்கச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தானே பாக்கறாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தப் போனை எடுத்து அந்த மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன், நடுவில் கண்ணாடி இருந்தது. பதினாலு வருடமாக இந்த ஆளுக்கு "சரி பாஸ்" சொன்ன என் வாயை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

இருதயராஜிடம் எதையும் மறைக்கவில்லை. ஜப்பான் பீஸ், அடுத்த மாதம், வீடியோ கால், எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "சரிக்கா," என்றார். சிரிப்பு மட்டும் போய்விட்டது.

ஷபானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த கடைப் பெண் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்தாள். "அண்ணே, எட்டு லெட்டர் வரைக்கும் எழுதலாம். செக் பண்ணி எழுதுங்க, அடிச்சப்புறம் மாத்த முடியாது."

இருதயராஜ் பேனாவை வாங்கினார். சுவரில் அளவு எழுதுவதுபோல் பெரிய பெரிய ஆங்கில எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதினார். பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு. பார்த்தேன். இரண்டாவது எழுத்திலேயே புரிந்துவிட்டது. இந்த மனிதருக்கு வேலை போய்விடும், தடுக்க வேண்டியது நான்தான் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என் கோபத்துக்கு அவர் வேலையைப் பணயம் வைத்தேனோ என்று பிறகு யோசித்தேன். அப்போது யோசிக்கவில்லை. எழுத்து அச்சும் சுத்தியலும் வைத்து ஒருவர் ஒவ்வோர் எழுத்தாக இரும்பில் அடித்தார். நான் ரமணனின் கார்டை நீட்டினேன்.

வெளியே வந்ததும் ரமணன் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மால் பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்துவரச் சொல்லியிருந்த வெள்ளைக் கையுறையை என்னிடமிருந்து வாங்கி மாட்டி, உறையைக் கழற்றி, பட்டரின் தலையைத் திருப்பினார்.

"இளமதியா?" என்றார். "யாரு லா இது, இளமதி?"

இருதயராஜை முந்திக்கொண்டு நான் பேசினேன்.

"அவரு மக பாஸ். மூணு மாசமா உங்க மேசையில, கேட்டலாக்குக்கு அடியில அந்தப் பேரு கிடக்குது. உங்க அறுபத்தொண்ணும் எந்த வருசம், எந்த மாசம் பொறந்துச்சுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க. ஒம்பது வருசம் உங்க வீட்டுக் குளியலறையிலேர்ந்து அத்தனையும் ஒட்டின மனுசனுக்கு என்ன பிள்ளைன்னு தெரியல. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

பெஞ்சைச் சுற்றி ஆட்கள் நின்றுவிட்டார்கள். ரமணன் அந்த எழுத்துகளைக் கையுறை விரலால் தேய்த்தார், அழிந்துவிடும் என்பதுபோல. பிறகு கத்தினார். "நாசம் பண்ணிட்டான்! எண்பத்தெட்டுல ஒண்ண நாசம் பண்ணிட்டான்! இவன உடனே ஊருக்கு அனுப்புங்க! பெர்மிட்ட கேன்சல் பண்ணுங்க சுசீலா!"

"ஊருக்குத்தானே, அனுப்பறேன்," என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே போனை எடுத்து மதுரைக்கு டிக்கெட் போட்டேன். புதன்கிழமை போக, மூன்று வாரம் கழித்துத் திரும்ப.

"ரிட்டர்ன் எதுக்குப் போடுறீங்க?"

"பெர்மிட்ட கேன்சல் பண்ணணும்னா நாளைக்கு என் மேசைக்கு வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்படியே எனக்கும் சேத்து ஒரு லெட்டர் அடிச்சுட்டு வாங்க."

பட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். உறையை எடுக்க மறந்து பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இருதயராஜ் அந்த உறையை எடுத்துத் தூசி தட்டினார். "அவசரப்பட்டுட்டேன்க்கா. பின்னாலயே ஓடிப் போய் மன்னிப்பு கேக்கட்டுமா? ஊர்ல வீட்டு லோன் இருக்கு."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நடந்தும் மன்னிப்பு கேட்க வேண்டியது இவர்தானா? "கேட்டீங்கன்னா காலை ஒடிச்சிடுவேன். முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க," என்றேன்.

போட்டார். மனைவி எடுப்பதற்குள் மகள் பிடுங்கிக்கொண்டாள். புதன்கிழமை வருகிறேன் என்று சொன்னதும் அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. பிறகு, "எப்பப்பா திரும்பப் போவீங்க?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். மூணு வாரம்னு சொல்லுங்க என்று வாயசைத்தேன். நாளைக்கு அந்த ஆள் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதென்று இருதயராஜுக்கும் தெரியும்.

"தெரியலம்மா," என்றார் இருதயராஜ்.

அந்தப் பக்கம் பிள்ளை துள்ளிக் குதித்துக் கத்துவது கேட்டது. "அம்மா! அப்பா திரும்பப் போகவே மாட்டாங்களாம்!"