ஹாஜியார் செருப்பைக் கழற்றிய காலை

சிமெண்ட் கடை ஜிப்லிம் ஹாஜியாருக்கு ஹார்மட்டான் என்றாலே ஆகாது. டிசம்பர் பிறந்ததும் வடக்கே பாலைவனத்திலிருந்து புறப்பட்டு வரும் அந்தக் காற்று அவருடைய வெள்ளை அங்கியைச் சாணி நிறமாக்கும், உதட்டை வெடிக்க வைக்கும். எல்லாவற்றையும்விட மோசமாக, அவரையும் தெருவில் போகிற கசாப்புக்காரனையும் ஒரே நிறமாக்கிவிடும். மூட்டைக்கு விலை போட்டு விற்கிற தூசியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இலவசமாக வருவதுதான் பிடிக்காது. நாற்பது வருடமாக, காற்று கிளம்பிய நாள் முதல் அடங்கும் நாள் வரை, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை இடுக்கியபடியே நடமாடுவார்.

அந்த ஜனவரியில் மேற்குத் தெருத் தலைவர் இறந்துபோய், அவர் உட்கார்ந்திருந்த தோல் காலியானது. வெறும் ஆட்டுத்தோல்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் தலைவர் பதவி என்பதே அதுதான், அதில் உட்கார்ந்தவர் முன்னால் தெருவே குந்தும். ஹாஜியாருக்கு அந்தத் தோல் வேண்டும். எல்லாத் தெருவுக்கும் மேலான பெரிய தலைவரின் தூதர் வியாழக்கிழமை வந்து அவரைப் பார்ப்பதாகச் செய்தி வந்தது. மனசுக்குப் பிடித்தால் தோல் அவருக்கு. தூசி அடங்கியபின் வரலாமே என்று ஹாஜியார் சொல்லியனுப்பினார். தோலுக்குத் தூசி தெரியாது என்று பதில் வந்தது.

எழுபது பேரைக் கூட்டினார். வருகிறவர்களுக்கு மெல்லக் கொடுக்கக் கூடை நிறையக் கோலாக் கொட்டை வாங்கினார். வருகிறவரின் தகுதிக்கேற்ப முழக்கி வரவேற்க, பரம்பரை மேளக்காரர் நெயிந்தோவை வாசலில் நிறுத்தினார். முப்பது வருட மனைவி சனாத்துவை மட்டும், அவள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாமே, வியாழன் மதியத் தொழுகை வரை போய் இருந்துவிட்டு வா என்று முதல் நாளே அனுப்பிவைத்தார். அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். விஷயம் சனாத்துவின் குதிகால். ஹார்மட்டான் வந்தால் அது வற்றிய குளம்போல வெடித்துவிடும். அவளுக்கும் தெரியும், தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டேதான் சரி என்றாள்.

வியாழன் காலை தூசி எப்படி இறங்கியதென்றால், வாசலில் வேப்பமரம் இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பது மணிவாக்கில் பாதையில் ஓர் உருவம் தெரிந்தது. உயரமான உருவம். அதன் தலைக்கு மேலே அகலமாக, வட்டமாக ஒரு குடை. பின்னால் பணிவாக நாலைந்து பேர். குடை பிடித்து வருகிற தகுதி அந்தப் பக்கத்தில் பெரிய தலைவர் ஒருவருக்குத்தான் உண்டு. தூதரை எதிர்பார்த்தால் அவரே வந்துவிட்டாரா? நெயிந்தோ மேளத்தை இழுத்து அணைத்துக்கொண்டார். மேளம் பெரிய தலைவரின் முன்னோரை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கியது.

எழுபது பேரும் குந்தினார்கள். பெரிய தலைவர் முன்னால் காலில் செருப்பு ஆகாது, தலையில் குல்லாய் ஆகாது, முகத்தில் எந்த மறைப்பும் ஆகாது. ஹாஜியார் செருப்பைக் கழற்றினார், குல்லாயைக் கழற்றினார், கடைசியில் கைக்குட்டையையும் அவிழ்த்தார்.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக வெறும் முகத்தோடு அந்தக் காற்றைப் பார்த்தார். பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார். சூரியன் உரித்த முட்டைபோல வெள்ளையாக நின்றது. கண் கூசாமல் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. மின்கம்பம், கடைகளின் பெயர்ப்பலகை, அவர் வயிறெரிந்து பார்க்கிற எதிர்வீட்டு இரண்டாவது மாடி எல்லாம் துடைத்த மாதிரி போயிருந்தன. மீதி இருந்தது சலித்த மாவு போன்ற ஒரு வெளிச்சமும், அதற்குள் அவசரமே இல்லாமல் வருகிற அந்த ஓர் உருவமும்தான். கால் தரையில் பாவுவதே தெரியவில்லை. தன்னை நோக்கி இவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை என்று ஹாஜியாருக்குத் தோன்றியது. அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்த தலைக்கு முன்னால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வற்றிய குளம்போல வெடித்த குதிகால்.

"தரையில எதத் தேடுறீங்க?" என்றாள் சனாத்து.

எழுபது பேருக்குச் சமைக்க வீட்டுப் பாத்திரம் பத்தாது என்று அண்ணன் வீட்டு அகலமான கல்யாணப் பாத்திரத்தை வாங்கி, தூசிக்கு அடக்கமாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சீக்கிரமே வந்திருந்தாள். பின்னால் வந்த பரிவாரம், அவள் இடுப்பிலிருந்த சோளத்தட்டையை நம்பி வந்த ஆடுகள்.

எழுந்திருக்கவும் வழியில்லை. தொடங்கிய முழக்கைப் பாதியில் விட்டால் முன்னோரை நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி. நெயிந்தோ கண்ணை மூடிக்கொண்டு பதினேழு தலைமுறையையும் முழக்கித் தீர்த்தார். அதுவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஆடுகளுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள்.

அந்தச் சத்தம் ஊர் எல்லையில் வந்துகொண்டிருந்த தூதரின் காதில் விழுந்தது. பெரிய தலைவருக்கான முழக்கு. அவரே உள்ளே இருக்கும்போது அவருடைய ஆள் பின்னால் நுழைவது மரியாதைக் கேடு. வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்புகிற வழியில் முகம் கழுவக் கசாப்புக்கடை நப்பாரியின் வீட்டில் இறங்கினார். நப்பாரி பனியனோடு எழுந்து வந்து கோழிச்சாறு கொடுத்தான். மாலைக்குள் தோல் நப்பாரிக்குப் போய்விட்டது.

செய்தி வந்தபோது ஹாஜியார் வெடிப்பார் என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள். அவர் நல்லது என்று மட்டும் சொன்னார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் காலை கைக்குட்டை இல்லாமல் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். வாசல் பெருக்க வந்த சனாத்துவிடம், எங்கேயோ பார்த்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"அந்தப் பாத்திரத்த உங்கண்ணன் வீட்டுல குடுக்கணும்ல?"

"குடுக்கணும்."

"நேத்து மாதிரியே தலையில கவுத்துக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாயேன். நான் இங்கயே நிக்கிறேன்."

சனாத்து துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என் குதிகாலுக்கு இன்னிக்கு லீவு. நீங்க கொண்டு போங்க. எப்படித் தெரியுதுன்னு நான் நின்னு பாக்கிறேன்."

ஹாஜியார் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூசிக்குள் நடந்தார். நூறடி போனதும் விளிம்பைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார். மரமும் இல்லை, வாசலும் இல்லை. அந்த வெளிச்சம் மட்டும் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று குரல் கொடுத்தார். தன் குரலா இது என்று மறுபடியும் திகைத்தார்.

"சிமெண்ட் மூட்ட நடந்து போற மாதிரி இருக்கு," என்றது தூசி.

ஹாஜியார் விளிம்பை இறக்கிவிட்டு, அவசரப்படாமல் மேலே நடந்தார். ஆடுகள் மரியாதையாகப் பின்னால் வந்தன.