அமிர்தசாமி வீட்டுக் கிழக்கறை

வரதராஜன்பேட்டையிலிருந்து கிழக்கே இரண்டு மைல் நடந்தால் வரும் சிற்றூரில், அமிர்தசாமிக்கு ஆறு ஏக்கர் கடலைக் கொல்லையும் இரண்டு அறையுள்ள ஓட்டு வீடும் இருந்தன. இரண்டு அறை என்பது பெயருக்குத்தான். அவரும் மனைவி இன்னாசிமேரியும் சமைத்தது, சாப்பிட்டது, படுத்தது எல்லாம் மேற்கு அறையில். கிழக்கு அறையில் சாமான்கள் குடியிருந்தன.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, பெயர்ந்துபோன கதவுக் கீலுக்கு நாலு ஆணி தேடி அவர் ஜெயங்கொண்டம் போனார். அங்கே இல்லையென்று அரியலூர் வரை போனார். இரண்டு நாள் அலைந்தும் வெறுங்கையோடு திரும்பி, கதவைக் கயிற்றால் கட்டினார். அன்றிலிருந்து அவர் எதையும் எறியவில்லை. வளைந்த ஆணி, காலி மண்ணெண்ணெய் டின், துணி போன குடைக்கம்பி, அடி ஓட்டையான அண்டா, முறிந்த ஏர், கிழிந்த சாக்கு, யாரோ வேலியோரம் போட்டுவிட்டுப் போன சைக்கிள் வளையம் என்று எல்லாம் கிழக்கறைக்குப் போயின. சைக்கிள் அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

"எதுக்காவது ஆவும்" என்பார்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் தாண்டியும் அறை காலியாகவில்லை. அதன் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது இன்னாசிமேரிக்கு ஞாபகம் இருந்தது. உள்ளேயிருந்து அதைப் பார்த்து நாலு வருஷமாகியிருந்தது.

அந்த ஐப்பசியில் அடித்த காற்றுமழையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கொட்டகை சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானமுத்து வாத்தியார் கோயில் வாசலிலேயே எல்லாரையும் நிறுத்திப் பேசினார். கொட்டகையை மறுபடி எழுப்பத் தை மாசம் ஆகிவிடும். மற்ற வகுப்புகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் வகுப்புக்கு மட்டும் இல்லை.

"நாப்பது பிள்ளைங்க. மரத்தடியில உக்கார வச்சா தூறல் விழுந்ததும் எந்திரிச்சு ஓடுதுங்க" என்றார்.

"எங்க வூட்ல ஒரு ரூம் இருக்கு சார்" என்றாள் இன்னாசிமேரி. "அடுத்த திங்கக்கெழம அனுப்புங்க."

அமிர்தசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பாதி வழி வந்த பிறகுதான் கேட்டார்.

"எந்த ரூமச் சொன்ன?"

"நமக்கு இருக்கறதே ரெண்டுதானங்க."

திங்கட்கிழமை காலையில் அவர் தானே வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு சுமையாகத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார், வந்தார். புதன்கிழமைக்குள் அறையில் முக்கால்வாசி காலி. ஜன்னலின் மேல்பாதி தெரிந்தது. இவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறாரே என்று இன்னாசிமேரிக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் வெளியே மரத்தடியிலேயே பால் கறந்தவள், அன்று சொம்போடு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அப்படியே நின்றாள். கொட்டகை கூரை முட்ட நிறைந்திருந்தது. அண்டா, ஏர், டின், குடைக்கம்பி, சைக்கிள் வளையம் எல்லாம் இங்கே குடிவந்திருந்தன. பசு வெளியே சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. பசுவை அவிழ்த்து, வாசல் வழியாக வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போய், கிழக்கறை ஜன்னல் கம்பியில் கட்டினாள். முன்னால் ஒரு கத்தை வைக்கோலும் போட்டாள்.

கொல்லையிலிருந்து திரும்பிய அமிர்தசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது? மாட்டப் போயி வூட்டுக்குள்ள கட்டியிருக்க?"

"அதுக்கும் எடம் வேணும்லங்க. கொட்டகையில வேற ஆளு இருக்கு."

அவர் பதில் சொல்லுமுன் பசு வாலைத் தூக்கி, சாவகாசமாகச் சாணம் போட்டது.

இன்னாசிமேரி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "எடுத்து வைங்க. எதுக்காவது ஆவும்."

அமிர்தசாமி கொஞ்ச நேரம் முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பசு வைக்கோல் தின்றது.

மறுநாள் கொல்லுப்பட்டறை நடராசனுக்கு அவரே சொல்லியனுப்பினார். நடராசன் வண்டியோடு வந்து, கொட்டகையில் கிடந்த இரும்பைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏண்ணே, சண்டைக் காலத்துல ஏருக்கு ஒரு கொழு அடிக்க இரும்பு இல்லாம உடையார்பாளையம் வரைக்கும் அலைஞ்சனே. அப்பல்லாம் இது இங்கதான் கெடந்துதா?"

அமிர்தசாமிக்கு முகம் சிறுத்துப் போயிற்று. "கேட்டிருந்தா குடுத்திருப்பனே நடராசா."

"இருக்குன்னு தெரிஞ்சால்ல கேப்பேன்."

அமிர்தசாமி முறிந்த ஏரை எடுத்து முதலில் வண்டியில் வைத்தார். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நல்ல டின்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுக்க வாங்கிக்கொண்டு போனார்கள். சாக்குகளை இன்னாசிமேரியும் அடுத்த வீட்டுப் பாப்பாத்தியும் குளத்தில் அலசிக் காயவைத்து, பிள்ளைகள் உட்கார நீளநீளமான விரிப்புகளாகத் தைத்தார்கள். ஒன்றுக்கும் உதவாத ஓட்டாஞ்சில்லும் கண்ணாடித் துண்டும் ஊருக்கு வெளியே பள்ளத்துக்குப் போயின. நேரான ஆணிகளாகப் பொறுக்கி ஒரு கைப்பிடி மட்டும் அமிர்தசாமி எடுத்து வைத்துக்கொண்டார். இன்னாசிமேரி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். மாலையில் ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. அமிர்தசாமி அப்பா அம்மா கல்லறையில் வர்த்தி ஏற்றிவிட்டு, கையில் மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். அது தம்பி பிலவேந்திரனுக்கு. எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை.

பிலவேந்திரன் முப்பத்தேழில் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். நாற்பத்தொன்றோடு கடிதம் நின்றுவிட்டது. இந்த வருஷம் ஆடியில், அங்கிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தேடி வந்து சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனானாம். அவர் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் கிழக்கறை மூலையிலிருந்த தம்பியின் தகரப் பெட்டியை அமிர்தசாமி திறக்கவில்லை. இப்போது அறையில் அது ஒன்றுதான் பாக்கி.

வர்த்தியை அம்மாவின் தலைமாட்டில் ஏற்றினார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். இன்னாசிமேரி விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தானும் உட்கார்ந்தாள்.

உள்ளே நாலு முழ வேட்டி இரண்டு, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு ஜெபமாலை. சட்டை புதிது, உடுத்தவே இல்லை.

"இத ஏன் வச்சிட்டுப் போனாரு?" என்று கேட்டாள்.

"திரும்பி வந்தா முதப் பூசைக்குப் போட்டுக்கணும்னான்."

அவர் அழுதார். அவள் தடுக்கவில்லை. ஆடியில் அந்த மனிதர் வந்துபோன அன்றைக்கு வராத அழுகை அது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"துணிய செல்லமுத்துக்குக் குடுத்துரலாமா?" என்று கேட்டார்.

செல்லமுத்து அவரோடு கொல்லையில் உழைக்கிறவன். ரேஷன் கூப்பனுக்குத் துணி சரியாகக் கிடைக்காத காலம். இருந்த ஒரே வேட்டியில் அவன் ஒட்டுப் போடாத இடமில்லை.

"குடுங்க. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

செல்லமுத்து துணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சின்னவரோடதா?" என்றான். ஆமென்றார் அமிர்தசாமி. பத்திரமா வச்சுக்கறேங்க என்றான். "வச்சுக்காத, கட்டிக்க" என்றார் அவர்.

திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். கழுவி மெழுகிய தரையில், சாக்கு விரிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. காலை வெயில் நேராக உள்ளே விழுந்து எதிர்ச் சுவர் வரை போயிற்று. ஞானமுத்து வாத்தியார் வாய்ப்பாட்டை ஆரம்பிக்க, வீடே அதிர்ந்தது. முதல் வாரம் அமிர்தசாமிக்குக் காது வலித்தது. அடுத்த வாரம், கொல்லையில் களையெடுக்கும்போது தன்னையறியாமல் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்போது பன்னிரண்டு வரை பிசகாமல் வந்தது.

கிறிஸ்துமஸ் பூசைக்குச் செல்லமுத்து அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். முன்வரிசையில் நின்ற அவன் முதுகை அமிர்தசாமி பின்னாலிருந்து பார்த்தார். நெஞ்சை அடைக்கும் என்று நினைத்தார். அடைக்கவில்லை. சட்டை அவனுக்கு அளவாக இருந்தது. தோளில் சுருக்கமில்லாமல் நின்றது. பூசை முடிந்து வெளியே வந்ததும், "நல்லாருக்குடா" என்றார்.

தை கடைசியில் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் புதுக்கீற்று வேய்ந்தார்கள். பிள்ளைகள் சிலேட்டும் விரிப்புமாகக் கிளம்பிப் போனார்கள். வாத்தியார் வந்து கும்பிட்டு, "ரொம்ப உதவிண்ணே. இனி நீங்க உங்க சாமானப் போட்டுக்கலாம்" என்றார்.

"சாமானா? அப்படி ஒண்ணும் இல்லியே" என்றார் அமிர்தசாமி.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு பாயை எடுத்துக்கொண்டு கிழக்கறைக்குப் போனார். எந்தப் பக்கம் விரிப்பது என்று யோசித்துவிட்டு, நட்டநடுவில் விரித்தார். இன்னாசிமேரி கடலையும் முறமுமாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோலை உரித்துக்கொண்டே, பிள்ளைகள் இல்லாமல் வீடு என்னமோபோல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள்.

அவர் கையையும் காலையும் நாலு பக்கமும் நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் காற்றில் தலைமயிர் அசைந்தது. கை கால் எங்கேயும் இடிக்கவில்லை. அவள் சத்தம் வராமல் முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.