தலைகீழ் மாப்பிள்ளை

போட்டோவை மட்டும் பார்த்து யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று ஃபர்ஹானா சொல்லிவிட்டாள். ஸ்டுடியோக்காரர் கைபட்டால் கழுதையும் மாப்பிள்ளைதான். "அவர் பேசணும். நான் பார்க்கணும்." அதனால் ஷார்ஜாவிலிருந்த மாப்பிள்ளை யாஹ்யா ஒரு வீடியோ எடுத்து, சுருக்கி, இணையத்தில் ஏற்றியிருந்தான். அவன் அம்மா சாரா பீவிக்கு நாலு மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வானூருக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

திண்டிவனத்தில் டோமினிக்கின் பிரவுசிங் சென்டரில் ஃபைல் இறங்கி முடிந்தபோது மணி மூன்றரை.

கணினியோடு வந்த பிளேயரில் போட்டான் டோமினிக். திரை கறுப்பு. குரல் மட்டும் சலாம் சொல்லி இருமியது.

"குரல் நல்லாத்தான் கீது," என்றார் ஃபர்ஹானாவைப் பெற்ற அத்தா மொய்தீன் பிச்சை. "சரின்னு சொல்லிடட்டா?"

"குரலோடவா அத்தா குடும்பம் நடத்துறது?"

இன்னொரு பிளேயரில் படம் வந்தது. சத்தமில்லை. யாஹ்யா வௌவால் மாதிரி தலைகீழாகக் கையாட்டினான். அத்தா தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். தொப்பி கீபோர்டில் விழுந்தது.

"ரோட்டு வேலைக்கு வைப்பாங்களே கூம்பு, அந்தப் படம் போட்ட பிளேயர் ஒண்ணு கீது பாய். எல்லா ஃபைலும் ஓடும். இறக்கிக்கினு இருக்கேன். அம்பது நிமிஷம் ஆவும்."

"அதுக்குள்ள அந்தம்மா வானூருல டீ குடிச்சுக்கினு இருக்கும்!"

"ரெண்டையும் ஒண்ணா ஓட விடுங்கண்ணா," என்றாள் ஃபர்ஹானா. "அதுல சத்தம், இதுல படம்."

"தலைகீழா கீதே?"

"மானிட்டரைக் கவுத்துடலாம்."

பழைய மானிட்டர், அரிசி மூட்டைக் கனம். கவிழ்த்ததும் மேசையில் நிற்காமல் உருண்டது. அத்தா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஒயரு, பாய், ஒயரு!" என்று அலறியபடி டோமினிக் இரண்டு பிளேயரையும் தட்டிவிட்டான்.

குரல் ஒரு வினாடி முந்தி ஓடியது. யாஹ்யா முதலில் சிரித்தான், பிறகுதான் வாயைத் திறந்தான்.

"போட்டோவுல இருக்குற முன்பல்லு என்னுது இல்லீங்க. ஸ்டுடியோக்காரர் போட்டது. என்னுது கிரிக்கெட்டுல போயிடுச்சு. இதோ, நீங்களே பாருங்க."

குரல் நின்றது. படத்தில் வாய் அகலத் திறந்தது. நட்டநடுவில் ஒரு ஜன்னல்.

ஃபர்ஹானாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. டோமினிக் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா," என்றார் மானிட்டருக்குப் பின்னாலிருந்து அத்தா. "கை வலிக்குது. ஆளு எப்படி?"

"பொய்யை வச்சுக்கினு இருக்கத் தெரியல, அத்தா."

"அது நல்லதா, கெட்டதா? மணி நாலாவப் போவுது!"

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, சாரா பீவியின் எண்ணை அழுத்தி, அவர் காதில் வைத்தாள் ஃபர்ஹானா.

"சரின்னு சொல்லுங்க. புதுப் பல்லு கட்டிக்கினு மட்டும் வரக்கூடாதாம்னு சொல்லுங்க."

அத்தா மானிட்டரை இறுக அணைத்தபடியே கூவினார்: "அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தியம்மா!"